தாவும் இடம்

கான்வென்ட் ஏலத்தில் எடுத்த வண்டி.
சீட்டுக்கடியில் இரண்டு ஜெபமாலை மணி,
டேஷ்போர்டுக்குள் வெளியே வராத ஒரு சிடி.
வண்ணார்பேட்டை மெக்கானிக் நோண்டிப் பார்த்துவிட்டு
"இழுத்தா டேஷ்போர்டே வந்துரும் வே,
கெடக்கட்டும்" என்றான்.
கிடக்கிறது, ஆறு வருஷமாய்.

எனக்குத் தொழில் ஐஸ் பெட்டி வாடகை.
ஜெனரேட்டரோடு ஒரு ரேட், இல்லாமல் ஒரு ரேட்.
சாவியைத் திருகினால் பெட்டி குலுங்கும்,
அவர்கள் முதலிலிருந்து பாட ஆரம்பிப்பார்கள்.
எட்டுக் குரலா பத்தா, எண்ணி முடியவில்லை.
லத்தீனா ஜெர்மனா, கேட்க ஆளில்லை.
இடப்பக்க ஸ்பீக்கரில் ஒரு கூட்டம் கேட்கும்,
வலப்பக்க ஸ்பீக்கரில் இன்னொரு கூட்டம்
யோசித்துப் பதில் சொல்லும்.
நடுவில் நான், கியரில் கை வைத்தபடி,
பாகப்பிரிவினைக்குச் சாட்சி உட்கார்ந்த மாதிரி.

இருபத்திரண்டாம் நிமிஷத்தில் பாட்டு தாவும்.
தெற்கே போனால் மூன்றடைப்பு.
மேற்கே பத்தமடை.
திருச்செந்தூர் சாலையில் செய்துங்கநல்லூர் ரயில்வே கேட்.
ஏறிக்கொண்டே போகிற குரல்கள்
ஒரு கீறலில் கால் இடறி
அடுத்த வரியில் போய் விழும்.
நடுவில் என்ன இருந்ததோ.
நானே ஒன்று போட்டுக்கொண்டேன்:
அடிக்குரலில் மூன்று இறக்கம், ஒரு இழுப்பு.
வில்லுப்பாட்டில் சாமி வருமுன்
குடம் அடிப்பவர் தாழ்த்துவாரே, அப்படி.
அளவெடுத்ததுபோல் பொருந்தியது.
அதுதான் பாட்டின் உச்சம் என்று நம்பியிருந்தேன்.

ஊர் எல்லையில் அணைத்துவிடுவேன்.
துட்டி வீட்டுக்குப் பாட்டோடு போகக் கூடாது.
மெஞ்ஞானபுரத்தில் அன்று மறந்துபோயிற்று.
இறந்தவர் அருமைநாயகம்,
கோயில் பாடகர் குழுவில் முப்பத்தொன்பது வருஷம் பேஸ்.
பந்தலில் இருந்த பாதிப்பேர்
பாட்டு நோட்டோடு வந்தவர்கள்.
அத்தனை தலையும் வண்டிப்பக்கம் திரும்பியது.
கை சாவிக்குப் போகையில்
சற்குணம் டீச்சர் ஜன்னலைப் பிடித்தார்:
"அணைக்காதிய."

டெனர் பாடுகிற பையன் கிளமெண்ட்
போனை ஸ்பீக்கரில் ஒட்டிப் பிடித்தான்.
போன் கொஞ்சம் யோசித்து ஒரு பெயர் காட்டியது.
டீச்சர் அதை மூன்று விதமாய் வாசித்தார்.
நாலாவது விதம் என்னுடையது.
பெயருக்குப் பக்கத்தில் பிறந்த வருஷம்,
ஒரு கோடு,
ஒரு கேள்விக்குறி.
நானூறு வருஷத்துக்கு முந்தி
ஏதோ சண்டையில் எரிந்த ஊரில்
கோயிலுக்குப் பாட்டு எழுதியவர்.
மிஞ்சியது இவ்வளவுதானாம்.
இதையும் ஒரே ஒரு தடவைதான்
யாரோ பாடிப் பதிந்திருக்கிறார்கள்.
டீச்சருக்குக் கண் கலங்கியது.
எனக்கு என் கவலை.
"தம்பி, இருபத்திரண்டாம் நிமிஷம் வையி" என்றேன்.

வைத்தான். போனில் கீறல் இல்லை.
குரல்கள் ஏறின, ஏறின,
நின்றன.
அத்தனை பேரும்.
அந்த வெறுமையில்
எங்கோ ஒரு கல்கோயிலில்
யாரோ தாளைப் புரட்டுகிற சத்தம்.
பிறகு அடுத்த வரி.

அவ்வளவுதானா?
"அந்த எடத்துல ஓய்வு போட்டிருக்காரு" என்றார் டீச்சர்,
"மூச்சு எடுக்கவோ, என்னத்துக்கோ."
என் மூன்று இறக்கத்தைப் பாடிக் காட்டினேன்,
பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு,
வியர்வையோடு, பாதிச் சுருதியில்.
டீச்சர் சிரிக்கவில்லை.
உள்ளே பெஞ்சில் கிடந்தவரைப் பார்த்து
"அண்ணாச்சி எடுக்குற எடம்" என்றார்.

பிளக்கைச் சொருகினேன்.
பெட்டி முனக ஆரம்பித்தது.
அட்வான்ஸ் வாங்க விட்டுப்போயிற்று.

மறுநாள் சாயங்காலம் பெட்டியைத் துடைத்து ஏற்றித் திரும்பினேன்.
ஆழ்வார்திருநகரி முக்கில் பாட்டு தாவியது.
வாயை மூடிக்கொண்டு பார்த்தேன்.
கீறல் கீறலாகத்தான் இருந்தது,
தாள் ஒன்றும் புரளவில்லை.
வாழைத்தார் லாரிக்காரன் பின்னால் ஆரன் அடித்தான்.
அவருக்கு அங்கே ஓய்வு.
எனக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர்.
வண்டியைத் திருப்பிப் போட்டு முதலிலிருந்து கேட்கவா முடியும்?
பாட்டு என்னை விட்டுவிட்டு ஒரு வரி முன்னே போயிருந்தது.
இறங்கினேன், மூன்று படியும்,
அடிக்குரலில்.